நேரத்தோடு வெளியே

சாலையோரத்து அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கார் வெளிச்சம் வந்து நின்றதை முதலில் பார்த்தது நான்தான். உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி குறுக்காகப் பறந்துகொண்டிருந்தது. ஜனவரியில் எங்கள் வடகோடிக் கரைக்குச் சூரியன் எட்டிப்பார்ப்பதே இல்லை என்பதால் மதியமும் ஒன்றுதான், மாலையும் ஒன்றுதான். அந்தக் கும்மிருட்டில் இரண்டு மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன.

"வந்துட்டான்" என்றேன்.

என் கணவர் ஹல்வார் மேசையிலிருந்து தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து அடித்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. விருந்து ஆறு மணிக்கு. அவர் முகத்தில் திருப்தி படர்ந்தது. அந்த மனிதர் முகத்தில் அது படர்வதைப் பார்க்கப் பல மாதம் காத்திருக்க வேண்டும்.

"பரவால்லையே. பையன் தேறிட்டான்."

"நான் சொன்னேன்ல? இந்தத் தடவ பாருங்கன்னு சொன்னேன்ல?" என்று குதித்தாள் எங்கள் மகள் விக்டிஸ். முந்தின நாளே பேருந்தில் வந்துவிட்டவள் அவள்.

அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடலாமே என்று எங்களில் ஒருவருக்குத் தோன்றக்கூட இல்லை. ஆறு மணிக்கு அழைத்தால் ஆறு மணிக்குத்தான் மணியடிக்க வேண்டும். முன்கூட்டி வந்தவர் ஓரமாக வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்து, நேரம் வந்ததும் அப்போதுதான் வந்தவர் போல இறங்கி வருவார். வீட்டுக்காரர்களும் பார்த்தும் பார்க்காதது போல இருந்துகொள்வார்கள். என் கூடப் பிறந்த தங்கையின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் போய், அவளுடைய மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் காரில் உட்கார்ந்து நானும் ஹல்வாரும் ஃபிளாஸ்க் காபி குடித்திருக்கிறோம். எங்களுக்குப் பின்னால் இன்னும் சில கார்கள் நின்றன. எல்லோரும் சொந்தக்காரர்கள். ஒருவருக்கொருவர் கண்ணாடி வழியே தலையை ஆட்டிக்கொண்டோமே தவிர ஒருவரும் இறங்கவில்லை. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அன்று கேட்டிருப்பேன்.

வெளியே காரில் இருந்தவன் ராம்ஸி. துனீசியாக்காரன். சால்மன் பண்ணையில் மின்சார வேலை பார்க்கிறான். கோடையில் விக்டிஸைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். அவன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். நவம்பர் மாதம். ஹல்வார் தானே படகில் போய்க் காட் மீன் பிடித்துவந்து, துண்டு போட்டு, ஆறு அடித்ததும் உப்புத் தண்ணீரில் இறக்கினார். புது மீன் தண்ணீரில் கிடக்க வேண்டியது சில நிமிடங்கள்தான். கூடுதலாகக் கிடந்தால் கஞ்சியாகிவிடும். ராம்ஸி ஏழு மணியை நெருங்கும்போது வந்தான். கையில் ஒரு பெட்டி நிறையத் தேன் சொட்டும் பலகாரம், வாய் நிறையச் சிரிப்பு. எல்லோரையும் கட்டிப்பிடித்தான். ஹல்வாரையும் கட்டிப்பிடித்தான்! ஹல்வார் கொடிக்கம்பம் போல நின்றார். பிறகு கஞ்சியான மீனை எல்லோரும் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டோம். ஹல்வார் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அவன் போன பிறகு ஹல்வார் சொன்னார்: "மீன மதிக்கத் தெரியாதவன் பொண்ண எப்படி மதிப்பான்?"

விக்டிஸ் அன்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடம் நடத்தத் தொடங்கினாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள் அவள் சமையலறையில் நின்று அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. எங்கள் மொழியில் 'ஊதெ இ கூ தீ' என்று ஒரு வழக்கு உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நேரத்தோடு வெளியே' என்று வரும். முன்கூட்டியே கிளம்பி முன்கூட்டியே வந்து சேர்கிறவனைப் பற்றிச் சொல்வது. எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பாராட்ட ஒன்றும் இல்லை.

"நேரத்தோட வந்தவன் எதுக்கு வெளியே நிக்கணும்?" என்று கேட்டான் ராம்ஸி. "எங்க ஊர்ல நேரத்தோட வந்தா உள்ள இழுத்து உக்கார வெச்சு சாப்பாடு போடுவாங்க."

"இங்க அப்படி இல்ல. சீக்கிரம் வந்தா கார்லயே உக்காரு. ஆறு மணிக்கு இறங்கி வா. அதுக்கு முன்னாடி மணியடிச்சேன்னு வையி, அம்மா தலையில முடி சுருட்டற உருளையோட நிப்பாங்க. நீ தொலஞ்ச."

"லேட்டா வந்தா?"

"அப்பவும் தொலஞ்ச."

"நல்ல ஊரு! சரி சொல்லு, எப்படி? ஊதெ இ கூ தீ."

பாவம், அதை அவன் எத்தனை முறை சொல்லிச் சொல்லிப் பார்த்தான்! அவனுக்கு அந்த 'ஊ' சரியாக வரவேயில்லை. ஆனால் வழக்கம் நன்றாகவே புரிந்துவிட்டது. அதுதான் எங்கள் கெட்ட காலம்.

கார் வந்து நின்ற சற்றைக்கெல்லாம் விக்டிஸின் போன் சிணுங்கியது. அவள் உரக்கப் படித்தாள்: "ஊதெ இ கூ தீ! மலைச்சாலையை மூடிடுவாங்களோன்னு பயந்து சீக்கிரமே கிளம்பிட்டேன். உங்கப்பாகிட்ட சொல்லு, நான் மணியடிச்ச அப்புறம் மீனைத் தண்ணில போட்டா போதும்."

ஹல்வார் வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரப் பய. பாத்தியா குன்வோர், மீனப் பத்திப் பேசறான்."

நான் மீன் ஈரலைக் கழுவி, வெங்காயத்தோடு சட்டியில் போட்டேன். சினையைத் துணியில் சுற்றிக் கட்டினேன். சாலையில் பனி தள்ளும் வண்டி கடகடவென்று போனது. அதன் மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று கூரையில் அடித்துவிட்டு மறைந்தது. நல்லதாயிற்று, ராம்ஸி இரவு திரும்பிப் போக வழி சுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

மேசை விரித்தோம். மெழுகுவர்த்தி வைத்தோம். நேரம் போகவில்லை. ஹல்வார் சட்டைக் காலரைச் சரிசெய்வதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். இரண்டாவது முறை வரும் மருமகனுக்கு அவரும் தயாராகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

விக்டிஸ் போனில் ஏதோ எழுதி அனுப்பினாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று அனுப்பினாள். பிறகு காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடுக்க மாட்டேங்கறான்."

"தூங்கியிருப்பான்" என்றார் ஹல்வார். "காலையிலேருந்து வேலை, அப்புறம் மலைச்சாலை. கண்ண மூடியிருப்பான்."

"ராம்ஸி எங்கயும் தூங்க மாட்டான்பா. பஸ்லகூட தூங்க மாட்டான்."

"அப்ப பாட்டு கேட்டுக்கிட்டிருப்பான். விடும்மா. காத்திட்டிருக்கிறவன நோண்டக் கூடாது."

நான் ஜன்னலுக்குப் போனேன். காற்று கடலிலிருந்து வந்து வீட்டுச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. பனி அடிக்கும்போது அந்த இரண்டு மஞ்சள் பொட்டுகளும் காணாமல் போய், அடங்கும்போது திரும்பத் தெரிந்தன. முன்பு உயரத்தில் தெரிந்தவை இப்போது தாழ்ந்து தெரிந்தன. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். விளக்குகள் தாழவில்லை. அவற்றைச் சுற்றிப் பனி ஏறியிருக்கிறது.



"ஹல்வார், நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வரேன்."

"உனக்கென்ன பைத்தியமா? இன்னும் நேரம் இருக்கு. ஜன்னல் தட்டி, ஏண்டா இவ்வளவு சீக்கிரம் வந்தேன்னு கேக்கற மாதிரி ஆயிடும். போன தடவ பட்டதே போதும் அவனுக்கு. இந்தத் தடவயாவது மானத்தோட உள்ள வரட்டும்."

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. அதுதான் கொடுமை. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். தேவையே இல்லாமல் ஒரு முட்கரண்டியை நேராக்கி வைத்தேன். எழுந்து ஈரலைக் கிளறினேன். சட்டியின் மூடியைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. மூடியைத் திரும்ப வைத்தேன். ஆவி உள்ளேயே சுருண்டுகொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குத் திடீரென்று கூரையில் சுழன்ற அந்த விளக்கு நினைவுக்கு வந்தது.

பனி தள்ளும் வண்டி. அது சாலையில் உள்ள பனியை ஓரத்துக்குத்தானே தள்ளும். ஓரத்தில் நிற்பது ராம்ஸியின் கார். வீட்டைப் பார்த்து முகமும் சாலையைப் பார்த்து முதுகுமாக நிற்கிறது. ஊரெல்லாம் மின்சாரக் காருக்கு மாறிவிட்ட காலத்தில் இந்தப் பிள்ளை யாரோ ஒரு கிழவரிடமிருந்து வாங்கியது பழைய பெட்ரோல் வோல்வோ. குளிருக்கு இன்ஜினை ஓடவிட்டிருப்பான். பனியில் மாட்டிக்கொண்டால் முதலில் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைத் தோண்டி விடு, அது அடைத்தால் நச்சுப்புகை காருக்குள்ளேயே ஏறி ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுக்கும் முன்பே சொல்லிக்கொடுத்துவிடுவோம். எங்கள் மூவருக்கும் தெரியும். தெரிந்தும் மூவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். துனீசியாவில் அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? விக்டிஸ் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் காரிலேயே உட்கார் என்பதைத்தான்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கையில் கிடைத்த கோட்டை மாட்டினேன், அது ஹல்வாருடையது.

"குன்வோர்! இன்னும் மணி ஆகலன்னு சொல்றேன்ல..."

"மணியாவது மண்ணாவது! புகைக்குழாய், ஹல்வார்! வண்டிக்காரன் பனியத் தள்ளி மூடிட்டுப் போயிருக்கான்! புகைக்குழாய்!"

கடலில் புயலைப் பார்த்தவர் அவர், படகு கவிழ்ந்து தண்ணீரில் கிடந்தவர். அந்த முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. பின்னால் விக்டிஸ் வீறிட்டது கேட்டது. நான் நிற்கவில்லை.

நல்ல நாளில் எங்கள் வாசலிலிருந்து கூப்பிட்டால் அஞ்சல் பெட்டியில் நிற்பவருக்குக் கேட்கும். அன்று என் குரல் எனக்கே கேட்கவில்லை. படியிலிருந்து இறங்கியதும் காற்று என்னைத் தூக்கி ஒரு பக்கமாக வைத்தது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. வழி தெரிய நட்டிருந்த குச்சிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தேடினேன். அடுத்தது தெரியவில்லை. கார் விளக்கும் தெரியவில்லை. எந்தப் பக்கம் சாலை, எந்தப் பக்கம் கடல் என்றே புரியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. செத்துப்போய்விட்டான், செத்துப்போய்விட்டான் என்று உள்ளே யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இடுப்பளவு பனியில் விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். காற்று ஒரு மூச்சு விட்டபோது இடப்பக்கம் மஞ்சளாய் ஒரு மினுக்கல். நான் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

அதை நோக்கித் தவழ்ந்தபோது மண்வெட்டியோடு ஹல்வார் என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் என் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார்.

காரின் பின்பாதி இல்லை. அந்த இடத்தில் ஒரு பனிமேடுதான் இருந்தது. இன்ஜின் மட்டும் சன்னமாக உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் சின்ன விளக்கு எரிந்தது. ராம்ஸி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். மடியில் காகிதம் சுற்றிய டியூலிப் பூங்கொத்து.

"ராம்ஸி! டேய்! ராம்ஸி!"

கதவு வரவில்லை. உறைந்திருந்ததா, பூட்டியிருந்ததா தெரியாது. ஹல்வார் என்னைத் தள்ளிவிட்டு மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். முதல் அடியில் உடையவில்லை. அடுத்ததில் உடைந்தது. உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று என் முகத்தில் வந்து மோதியது. வானொலியில் யாரோ நிதானமாக நாளைய வானிலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹல்வார் கையை விட்டுச் சாவியைத் திருகினார். இன்ஜின் நின்றது.

ராம்ஸியின் கன்னம் இளஞ்சிவப்பாக இருந்தது, வெயிலில் விளையாடிவிட்டு வந்த குழந்தைக்கு இருப்பது போல. பார்க்க அத்தனை ஆரோக்கியமாக இருந்தான்.  அது நல்ல சிவப்பு இல்லை, நச்சுப்புகை ஏறிய சிவப்பு என்று எங்களுக்குத் தெரியும்.

"மூச்சு இருக்கா? ஹல்வார், மூச்சு இருக்கா?"

"தெரியல. காலப் பிடி. காலப் பிடின்னு சொல்றேன்!"

விறகு இழுக்கும் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையோடு விக்டிஸ் வந்து சேர்ந்தாள். தொப்பி இல்லை, கையுறை இல்லை. அவனை அதில் போட்டு இழுத்தோம். யார் எந்தப் பக்கம் இழுத்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விக்டிஸ் அவன் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டு வெளிச்சம் பக்கத்தில் வரவே மாட்டேன் என்றது. நான் கடவுளிடம் பேசி வெகுகாலம் ஆகிறது. அன்று பேசினேன், கெஞ்சவில்லை, திட்டினேன்.

செருப்பு கழற்றும் முன்னறையில், கதவைத் திறந்து போட்டுக் காற்றுப் படும்படி அவனைக் கிடத்தினோம். அவசர எண்ணுக்கு நான்தான் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள்.

"மூச்சு இருக்கா? நெஞ்ச பாருங்க. ஏறி இறங்குதா?"

"இறங்குது... ஏறுது. ரொம்ப மெதுவா."

"நல்லது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கதவ மூடாதீங்க, குளிர்ந்தாலும் பரவால்ல, போர்வை போத்துங்க. ஹெலிகாப்டர் இந்தக் காத்துல பறக்காது. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு, பனி வண்டி முன்னாடி போகுது. ஆக்சிஜன் அதுல வருது. அதுவரைக்கும் அவர்கிட்ட பேசிக்கிட்டே இருங்க. சத்தமா பேசுங்க. நிறுத்தாதீங்க."

விக்டிஸ் பேச வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்ட போனைப் பிடித்துக்கொண்டு அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சம் இருந்தது ஹல்வார்தான். நாள் முழுக்கப் படகில் இருந்துவிட்டு வந்து, "காத்து" என்று ஒரே ஒரு சொல்லோடு தூங்கப் போகிற மனிதர். அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து, கண்ணாடிச் சில்லில் கிழிந்து ரத்தம் வடிந்த கையால் அவன் தலையைத் தாங்கிக்கொண்டார்.

"டேய் ராம்ஸி. கேக்குதா? நான் ஹல்வார். இன்னைக்கு ஈரல் நல்ல ஈரல்டா. ஒல்லி மீனுக்கு ஈரல் கறுப்பா இருக்கும். இது அப்படி இல்ல, வெள்ளையா, கொழுகொழுன்னு. வெங்காயம் நெறையப் போடணும், குன்வோர் எப்பவும் கம்மியாதான் போடுவா. கேக்குதாடா? மீன் கொதிக்கக் கூடாது. தண்ணி கொதிச்சதும் அடுப்ப அணைச்சுட்டுதான் மீனப் போடணும். சும்மா கெடக்கணும். அத நான் உனக்குச் சொல்லித் தரேன். கண்ணத் தொற. தொறடா! அன்னைக்கு நான் உன்கூடப் பேசல. பேசியிருக்கணும். மீன் என்னடா மீன்? கடல்ல கோடி மீன் கெடக்கு. டேய், ராம்ஸி!"

பேசிக்கொண்டே இருந்தார். குரல் கிழிந்துவிட்டது, அப்போதும் பேசினார். முன்னறை முழுக்கப் பனி வந்து விழுந்துகொண்டிருந்தது. அவன் நெஞ்சு ஒரு முறை ஏறி, அப்படியே நின்றது போல இருந்தது. நான் போனைக் கீழே போட்டேன். அது இறங்கியது. திரும்ப ஏறியது. ஒவ்வொரு முறையும் அது இனி ஏறாது என்றே நினைத்தேன்.

பிறகு அவன் உடம்பு உலுக்கியது. ஹல்வாரின் முழங்கால் மேலேயே வாந்தி எடுத்தான். விக்டிஸ் அலறினாள்.

"வாந்தி எடுக்கறாரா? நல்லது, நல்லது, வாயைச் சுத்தம் பண்ணுங்க" என்றது தரையில் கிடந்த போன். "வண்டி பாலத்தைத் தாண்டிடுச்சு. வந்துடுவாங்க."

ராம்ஸியின் இமை பிரிந்தது. கண் எங்கேயோ பார்த்தது, கூரையைப் பார்த்தது, பிறகு தன் மேல் குனிந்திருந்த முகத்தில் வந்து நின்றது. அது யார் என்று தெரிந்ததும் அந்தக் கண்ணில் வந்ததைப் பார்த்தேன். பயம். சாவைக் கண்ட பயம் இல்லை அது. இந்த வீட்டைக் கண்ட பயம்.

எழுந்திருக்கப் பார்த்தான். நாக்கு குழறியது.

"மன்னிச்சுக்கோங்க... தூங்கிட்டேன் போல... மணி ஆறாயிடுச்சா?"

  ஹல்வார் அவனை அப்படியே இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாந்தியும் ரத்தமும் பனியுமாக இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பதில் சொல்லலாம் என்று நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். மெழுகுவர்த்திகள் காற்றில் அணைந்திருந்தன. மேசை விரித்தது விரித்தபடி இருந்தது. அதற்கு மேலே சுவரில் கடிகாரம்.

ஆறு ஆக இன்னும் நேரம் இருந்தது.